ஏழாவது எழுத்து

பெயர்க்காரர் தன் மாமனார் வீட்டுப் படியேற முடியாமல் போனதற்கு ஒரு மலைதான் காரணம். மற்ற மாப்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால் சொத்துத் தகராறு, வாய்த்துடுக்கு, சீட்டாட்டம் என்று வெளியே சொல்லிக்கொள்ளும்படியான காரணம் ஏதாவது இருக்கும். "மாமனாரோட என்னப்பா மனஸ்தாபம்?" என்று யாராவது இவரைக் கேட்டால், "மலை" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

வரைபட அலுவலகத்தில் பெயர்களை ஒட்டுவதுதான் அவர் வேலை. ஆற்றை ஒருவர் வரைவார், சாலையை இன்னொருவர் வரைவார், மலையின் உயரக்கோடுகளைக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு மற்றொருவர் வரைவார். எல்லாரும் கை கழுவிய பிறகு தாள் இவர் மேசைக்கு வரும். மெல்லிய படலத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துகளை பிளேடால் நறுக்கி, இடுக்கியால் எடுத்து, எது எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார வைப்பார். அதனால் அலுவலகமே அவரைப் பெயர்க்காரர் என்று கூப்பிட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஊர்ப் பெயரை ஒட்டுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஊருக்கு ஒரு புள்ளி இருக்கும், பக்கத்தில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. மலைத்தொடர்தான் உயிரை வாங்கும். அதற்குப் புள்ளி கிடையாது, வேலி கிடையாது. தொடர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குப் பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து, மலை வளைகிற பக்கம் வளைத்து, இடைவெளி பிசகாமல் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். இவர் கதையில் வரும் மலைத்தொடருக்கு ஏழு எழுத்து. முதல் எழுத்து வடக்கே ஆற்றங்கரையில் நிற்கும். அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஏழாவது எழுத்து தெற்கே தொடர் முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். தொடர் எங்கே முடிகிறது? அங்கேதான் வந்தது வினை.

தெற்கே வரிசையாக வந்துகொண்டிருந்த மலைகளை ஒரு கணவாய் வெட்டிவிடுகிறது. அந்தச் சந்துக்குள் சாலையும் ரயில் பாதையும் நுழைந்து போகின்றன. சந்தைத் தாண்டியதும் மறுபடி ஒரே ஒரு மலை. அதற்குப் பிறகு ஓர் ஏரி, அப்புறம் வானம் தொடுகிற வரைக்கும் சமவெளி. அந்த ஒற்றை மலை தொடரைச் சேர்ந்ததா, இல்லை தனிக்கட்டையா என்று மலையைக் கேட்டால்தான் தெரியும்.

போன பதிப்பை ஒட்டும்போது பெயர்க்காரர் ஏரியின் பெயரை முதலில் ஒட்டிவிட்டார். அது நீளமான பெயர். கொழுகொழுவென்று மலையடிவாரம் வரைக்கும் வந்து படுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் ரயில் பாதை, இந்தப் பக்கம் ஏரியின் பெயர். ஏழாவது எழுத்துக்கு இடமே இல்லை. மணியைப் பார்த்தார், சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. எழுத்தைக் கணவாய்க்கு வடக்கே அழுத்தி ஒட்டிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சத்தியமாக நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் அச்சில் ஏறிய எழுத்துக்கு ஒரு திமிர் உண்டு. பாடப் புத்தகம் எழுதியவர் வரைபடத்தைப் பார்த்து, "இத்தொடர் தெற்கே கணவாயுடன் முடிவடைகிறது" என்று எழுதினார். பாடப் புத்தகத்தைப் பார்த்து சுற்றுலாக்காரர்கள் எழுதினார்கள். சுற்றுலாக்காரர்களைப் பார்த்து வரைபட அலுவலகமே அடுத்த ஆண்டறிக்கையில் எழுதியது. பசி வேளையில் ஓர் எழுத்து போய் உட்கார்ந்த இடம், ஒரு வருடத்துக்குள் விஞ்ஞானம் ஆகிவிட்டது.

அந்த ஒற்றை மலையின் அடிவாரத்தில்தான் மாமனார் வீடு. அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருடைய பஸ் அந்த மலையடிவாரத்தோடு திரும்பிவிடும். காலம் காலமாக அந்த நிறுத்தத்தில் விசிலை ஊதி, "கடைசி மலை! எல்லாரும் எறங்கு!" என்று கத்தி வந்தவர். அந்த மலையை அவரே கட்டி முடித்த மாதிரி அந்தக் குரலில் ஒரு மிதப்பு இருக்கும். அவர் ஓய்வுபெற இருந்த வருடத்தில்தான் புதுப் பாடப் புத்தகம் வந்தது. பயணிகள் சும்மா இருப்பார்களா? "என்ன கண்டக்டரே, இது கணக்குலயே இல்லையாமே? அப்போ முந்தின ஸ்டாப்புலயே எறக்கி விட்டிருக்கலாமே?" என்று ஆளாளுக்கு வாயைக் கிளறினார்கள். மனிதர் வேலையின் கடைசி மாதங்களில் விசிலை மட்டும் ஊதினார். வாயைத் திறக்கவில்லை.

அந்த எழுத்தை ஒட்டியது யார் என்று விசாரித்தார். சொந்த மாப்பிள்ளை என்று தெரிந்ததும் நேரே கேட்டார்.

"நீங்களா ஒட்டினீங்க?"

"ஒட்டினது நான்தான் மாமா. ஆனா முடிவு பண்ணது ஒரு குழு. பாறை, உயரம் எல்லாம் பாத்து, விஞ்ஞானப்படி..."

முழுப் பொய். ஏரியின் பெயருக்கு இடம் விட்டு மலையைத் தள்ளினேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் மாமியார் பிறந்த ஊர் அந்த ஏரிக்கரையில்தான் இருந்தது. மலை உசத்தியா ஏரி உசத்தியா என்று அந்த வீட்டில் கல்யாணமான நாள் முதல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதில் போய்த் தலையைக் கொடுக்க அவர் என்ன முட்டாளா?

மாமனார் ஒரே வார்த்தையில் முடித்தார். "மலையை வெளிய தள்ளின ஆளு யாரா இருந்தாலும் இந்தப் படி ஏறக் கூடாது."

அதோடு ஆறு வருடம் ஓடிவிட்டது. மனைவி மட்டும் பிறந்த வீட்டுக்குப் போய் வருவாள். திரும்பி வந்து இரண்டு நாள் பாத்திரங்களை டமால் டமால் என்று வைப்பாள். பெயர்க்காரருக்கும் அது லேசான விஷயம் இல்லை. மாமனாரோடு உட்கார்ந்து சீட்டாடிய சாயங்காலங்கள் போனது அவருக்கு உண்மையாகவே வலித்தது. மாமனார் ஏமாற்றித்தான் ஆடுவார். ஆனாலும் அப்படிச் சிரித்துக்கொண்டே ஏமாற்ற இன்னொரு ஆள் கிடைக்கவில்லை.

இந்த நிலைமையில் கொழுந்தியாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமனார் வீட்டிலேயே கல்யாணம்.

"என் தங்கச்சி கல்யாணத்துல நான் தனியா நிக்க மாட்டேன்" என்றாள் மனைவி. "வர்றவங்க எல்லாம் வீட்டுக்காரர் எங்கன்னு கேப்பாங்க. வாசல்ல மரத்தடியில நிக்கறார்னு சொல்லவா?"

"நான் என்னம்மா பண்ணட்டும்?"

"புதுப் பதிப்பு போடறீங்கதானே? ஏழு எழுத்துல ஒரு எழுத்தைத் தள்ளி ஒட்டத் தெரியாத ஆளுக்குப் பெயர்க்காரர்னு ஒரு பேரு!"

அவள் சொன்னதும் நியாயம்தான். புதுப் பதிப்பு மேசையில்தான் இருந்தது. ஆனால் இப்போது தொடரின் தெற்கு எல்லை விஞ்ஞானமாகிவிட்டதே, தன் இஷ்டத்துக்கு அசைக்க முடியுமா? ஆகவே தலைமை வரைவாளரிடம் போய், எல்லையில் தனக்குச் சந்தேகம் இருப்பதாகச் சொன்னார். தலைமை வரைவாளர் சந்தேகம் என்ற சொல்லைக் கேட்டாலே கூட்டம் போட்டுவிடுகிற மனிதர். அந்த வாரமே பெரிய மேசையைத் துடைத்து, நாற்காலிகளைப் போட்டு, ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார்.

முதலில் பாறைக்காரர் எழுந்தார். பையிலிருந்து இரண்டு கற்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது தொடர்ல எடுத்த கல்லு. இது அந்த ஒத்தை மலையில எடுத்தது. ரெண்டும் ஒரே பாறை. ஆக, மலை தொடர்ல சேர்த்திதான்."

பெயர்க்காரருக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆனா அங்கயும் முடியலை" என்று பாறைக்காரர் தொடர்ந்தார். "ஏரிக்கு அடியிலயும் அதே பாறைதான். சமவெளிக்கு அடியிலயும் அதேதான். இப்போ நாம உக்காந்திருக்கற இந்தக் கட்டடத்துக்குக் கீழயும் அதேதான். பாறையைக் கேட்டா நாம எல்லாரும் மலைமேலதான் இருக்கோம்."

எல்லாரும் ஒரு கணம் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

காட்டு அதிகாரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. தன் ஆட்கள் ரோந்து போகிற இடத்தோடு தொடர் முடிகிறது என்றார் அவர். அவர் ஆட்கள் கணவாய்க்கு ரொம்ப முன்பே, ஒரு டீக்கடையோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது விசாரித்ததில் தெரிந்தது. சுற்றுலாவிலிருந்து வந்தவர் தாராள மனசுக்காரர். எந்த மேட்டில் தங்கும் விடுதி இருக்கிறதோ அதெல்லாம் தொடர்தான் என்றார். ஒற்றை மலையில் விடுதி இல்லை, ஆனால் கட்டப் போகிறார்கள், அதனால் பாதி சேர்த்தி என்றார்.

சாயங்காலம் வரை கத்தினார்கள். டீ ஆறியது, கற்களில் ஒன்று காணாமல் போனது. கடைசியில் தலைமை வரைவாளர் எழுந்து, எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, பெயர்க்காரர் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பெரியவங்களாலயே முடிவு பண்ண முடியலை. எல்லைக்கோடு எதுவும் போட வேணாம். எழுத்தை மட்டும் ஒட்டிடுங்க. பாக்கறவன் பாத்துப் புரிஞ்சுக்கட்டும்."

"எங்க சார் ஒட்டட்டும்?"

"எங்க அழகா இருக்கோ அங்க."

பெயர்க்காரர் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினார். ஏழாவது எழுத்தை ஒற்றை மலைக்குக் கொண்டுபோனால், ஆற்றங்கரை எழுத்தைத் தவிர நடுவில் உள்ள ஐந்தும் தெற்கே கொஞ்சம் கொஞ்சம் நகர வேண்டும். ஐந்தையும் பிய்த்தார், அளந்தார், மறுபடி ஒட்டினார். நான்காவது எழுத்து ஒரு பாலத்தின்மேல் ஏறியது, இறக்கினார். ஐந்தாவது எழுத்துக்குக் கழுத்து சாய்ந்தது, நிமிர்த்தினார். கடைசியில் ஏழாவது எழுத்தை இடுக்கியில் பிடித்துக்கொண்டு மலைப் பக்கம் வந்தார். ரயில் பாதைப் பக்கம் இடம் இல்லை. ஏரிப் பக்கம் அந்தக் கொழுத்த பெயர் அசையாமல் படுத்திருந்தது. இருந்த ஒரே இடம் மலை உச்சி. அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார், எழுத்தை வைத்தார், நகத்தால் அழுத்தினார். உட்கார்ந்துவிட்டது. மலைக்குக் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது. தலைமை வரைவாளர் எட்டி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, "அழகா இருக்கு" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், சோதனைப் பிரதி ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பெயர்க்காரரும் மனைவியும் பஸ் ஏறினார்கள். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற அளவு வரைபடம் அது. சுருட்டினால் ஆள் உயரம், விரித்தால் ஒரு அறை நீளம். பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டார்கள்.

மாமனார் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்து முகம் மலர்ந்தது. பின்னால் வந்தவரைப் பார்த்ததும் மலர்ந்தது அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா, இவர் மலையைச் சேத்துட்டார்" என்றாள் மகள்.

"யாரு சொன்னா?"

"அச்சாயிடுச்சுப்பா. கையோட கொண்டு வந்திருக்கோம்."

மாமனார் யோசித்தார். பெயர்க்காரர் நைசாக ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

"படியில நிக்காதே!" என்று மாமனார் கண்டக்டர் குரலில் ஒரு அதட்டல் போட்டார். பழக்க தோஷம். அப்புறம் மாப்பிள்ளை என்பது நினைவுக்கு வந்து குரலை இறக்கினார். "அங்கயே நின்னு விரிங்க. முதல்ல பாக்கறேன்."

பெயர்க்காரர் வாசலில் நின்றபடி சுருளை உள்ளே நீட்டினார். மரியாதை கருதி வடக்கு முனையை மாமனார் பக்கம் கொடுத்தார். வரைபடம் வாசற்படியைத் தாண்டி விரிந்தது. பாதி மலைத்தொடர் வீட்டுக்குள், பாதி வெளியே. மாமியார் கரண்டியோடு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். கல்யாணப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

மாமனார் வடக்கு முனையை மகள் கையில் கொடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து கிளம்பினார். "ஒண்ணு" என்றார். குனிந்தபடியே ஓரடி நகர்ந்து "ரெண்டு" என்றார். மூன்றாவது எழுத்து நடையில் முடிந்தது. நான்காவது நிலைப்படியில் இருந்தது. மாமியார் ஒதுங்கி வழி விட்டார். ஐந்துக்கு மாமனார் படி இறங்கினார். ஆறுக்கு வாசலுக்கு வந்துவிட்டார். கணவாயைக் கண்ணாடி தாண்டும்போது அவர் மூச்சு விடவில்லை, பெயர்க்காரரும் விடவில்லை.

"ஏழு" என்றார் மாமனார்.

நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஏறிடுச்சு" என்றார். "நம்ம மலை ஏறிடுச்சு!" மாப்பிள்ளையின் தோளைத் தட்டக் கை போனது. பாதி வழியில் என்னவோ தோன்றி, மறுபடி குனிந்து கண்ணாடியை வைத்தார். எழுத்தைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினார்.

"ஆமா, மலை எங்க?"

"அங்கதான் மாமா. எழுத்து இருக்கே."

"எழுத்து இருக்கு. மலையோட பேரு எங்க? உயரம் போட்டிருக்குமே, அது எங்க?"

அப்போதுதான் பெயர்க்காரருக்கு உறைத்தது. மலை உச்சியைச் சுரண்டிச் சுத்தம் செய்தாரே, அங்கே சும்மா அழுக்கா இருந்தது? மலையின் பெயரும் உயர எண்ணும் இருந்தன. பெரிய பெயர் வந்தால் சின்னப் பெயர் விலக வேண்டும் என்பது அவர் தொழிலில் எழுதாத சட்டம். இத்தனை வருடப் பழக்கத்தில் கை பாட்டுக்கு பிளேடை எடுத்து வேலையைப் பார்த்துவிட்டது. மூளையைக் கேட்கவே இல்லை.

"அது... எழுத்துக்குக் கீழ இருக்கு மாமா."

"கீழன்னா? எழுத்தைத் தூக்கினா தெரியுமா?"

"தெரியாது. சுரண்டிட்டேன்."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "சேத்துக்கறோம்னு சொல்லி முழுங்கிட்டாங்களே!"

"நீ சும்மா இரு" என்றார் மாமனார். "கொஞ்சம் தள்ளி ஒட்டினா என்ன? இந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் ரயில் பாதை மாமா."

"அப்போ அந்தப் பக்கம்?"

"அங்க ஏரியோட பேரு இருக்கு."

"அதைத் தூக்கிக் கடாசுங்க!"

மாமியாரின் சிரிப்பு நின்றது. கரண்டியை நேராகப் பிடித்தார். "எங்க, தூக்கச் சொல்லுங்க பாப்போம். எங்க ஏரி மேல கை வைக்கட்டும்."

இருவருக்கும் நடுவில், தெற்கு முனையைப் பிடித்துக்கொண்டு பெயர்க்காரர் தவித்தார். அந்தத் தவிப்பில், ஆறு வருடமாகத் தொண்டைக்குள் அடக்கி வைத்திருந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"போன தடவையும் இதே கதைதான் மாமா. ஏரியோட பேரு இடத்தை அடைச்சிருந்தது. அதனாலதான் எழுத்தை வடக்க தள்ளினேன்."



"குழு?" என்றார் மாமனார்.

"குழுவெல்லாம் ஒண்ணும் இல்லை."

"விஞ்ஞானம்?"

"எனக்கு அன்னிக்கு ரொம்பப் பசி மாமா."

மாமனார் அப்படியே வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஆறு வருஷமா விஞ்ஞானத்தைத் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். "கடைசியில இவர் சாப்பிடப் போன கதையா?"

"எங்க ஏரி உங்க மலையைத் தள்ளிவிட்ட கதை" என்று மாமியார் திருத்தினார். அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தால் கல்யாணம் இன்றைக்கே அந்த வீட்டில் நடக்கிற மாதிரி இருந்தது.

மாமனார் வெகுநேரம் வரைபடத்தையே பார்த்தார். பிறகு திரும்பி, வீட்டுக்குப் பின்னால் நின்ற மலையைப் பார்த்தார். வெயில் இறங்கி அதன் ஒரு பக்கம் மஞ்சளாக இருந்தது. அது யார் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் கவலைப்படுகிற மலையாகத் தெரியவில்லை. பெயர்க்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மலையைத் தள்ளியதற்கே இந்தக் கதி என்றால், மலையைத் தொலைத்ததற்கு என்ன கிடைக்கும்? மனைவி வடக்கு முனையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கையின் கல்யாணத்தில் தனியாக நிற்கப் போகிற முகம் அவளுக்கு இப்போதே வந்துவிட்டது. அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

"எழுத்தை எடுத்துடுங்க" என்றார் மாமனார் கடைசியில்.

"மாமா?"

"எடுத்துப் பழைய இடத்துலயே ஒட்டுங்க. மலையோட பேரைத் திரும்பப் போடுங்க, உயரத்தையும் போடுங்க. தொடர்ல இல்லைன்னா இல்லாம போகட்டும். இங்க ஒரு மலை இருக்குன்னாவது பாக்கறவனுக்குத் தெரியணும்."

"ஏரியோட பேரு?" என்றார் மாமியார்.

"அதுவும் இருந்து தொலையட்டும்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குள் போகத் திரும்பினார். நடையிலிருந்து மகள் கேட்டாள்.

"அப்பா, அப்போ இந்தத் தடவை மலையை வெளிய தள்ளினது யாரு?"

மாமனார் நின்றார்.

"யாரா இருந்தாலும் படி ஏறக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

மாமனார் குனிந்து தன் காலைப் பார்த்தார். கால் வாசலில் இருந்தது. மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார். அதுவும் அதே வாசலில், பக்கத்திலேயே இருந்தது.  மாமியார் நிலைப்படியின் நடுவில் வந்து நின்று, கரண்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். உள்ளே சாப்பாடு தயாராகிவிட்ட வாசனை வந்தது.

ஏறலாமா என்று மாமனார் ஓரடி எடுத்து வைத்தார். கரண்டி அசையவில்லை. அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மெல்ல நகர்ந்து வந்து, மாப்பிள்ளையின் காதோரம் குனிந்தார்.

"நீங்க முன்னாடி போங்க மாப்பிள்ளை. உங்களை அவ தடுக்க மாட்டா. நான் பின்னாடியே வந்துடறேன்."

பெயர்க்காரர் மலைத்தொடரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார். கரண்டி இறங்கியது. அவர் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாமனாரும் ஏறினார்.